மரத்தின் மேல் ஓடு பதித்த கதை

சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றிலேயே செதுக்கப்பட்டவர். பல்லவர் காலக் குடைவரை அது. சுவாமியை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். பாறை அசையாது என்பதால் அதன் மேல் எதையும் நம்பிப் பதிக்கலாம்.

மரம் அப்படியல்ல. மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், ஆள் நடந்தால் வளையும். ஆனால் ஓடு துளியும் வளையாது, வளைத்தால் உடையும். அப்படியென்றால் மரத்தளத்தின் மேல் ஓடு பதிப்பது எப்படி?

கான்கிரீட் வருவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு நம் பக்கத்துக் கொத்தனார்கள் விடை கண்டிருந்தார்கள். அதன் பெயர் மெட்ராஸ் டெரஸ். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடி வீடுகள் இப்படித்தான் எழுந்தன.

முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன் மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள். சட்டங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது. அதைச் சீவிச் சரிசெய்வதோடு வேலை முடியவில்லை. சுமார் 2.5 செ.மீ. தடிமனுள்ள சிறிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்கினார்கள். சாய்வான வரிசை பல சட்டங்களின் மேல் போவதால் பாரம் ஒரே சட்டத்தில் விழாது.

அடுத்தது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு. கனம் சுமார் 10 செ.மீ. மேடு பள்ளமெல்லாம் இதில்தான் மறைந்தது. தண்ணீர் வடிய வாட்டமும் இதிலேயே கொடுத்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறிக் குதிக்கும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள்.

இதன் சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. அது மெதுவாக இறுகும். மரத்தின் சிறு அசைவைப் பொறுத்துக்கொள்ளும். மயிரிழை விரிசல் விட்டாலும், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து அதை அடைத்துவிடும்.

மரவீடுகள் நிறைந்த அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பழைய குளியலறைகளில் மரத்தின் மேல் தார்க்காகிதம் விரித்து, கம்பி வலை அடித்து, கனமாகக் கலவை போட்டு ஓடு பதித்தார்கள். இன்று சிமெண்ட் பலகை வந்துவிட்டது. நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தளம் வளையக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அதாவது 3.6 மீட்டர் நீளச் சட்டம் 10 மி.மீ. வரைதான் தொய்யலாம். பொருள் வேறு, தத்துவம் ஒன்று: மரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே மத்தியஸ்தம் செய்ய ஓர் அடுக்கு வேண்டும்!

20ஆம் நூற்றாண்டில் கான்கிரீட் பரவியதும் தட்டுகிற கட்டைகள் மூலைக்குப் போயின. இப்போது பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, அந்தத் தளத்தின் மேலேயே சிமெண்டைக் கொட்டி, பளபளப்பான டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பாரம் கூடுகிறது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லை. சுவருக்குள் செருகிய உத்திர முனை யாருக்கும் தெரியாமல் உளுத்துப் போகிறது. மேலே டைல்ஸ் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும், கீழே மரம் கைவிட்டிருக்கும்.

ஆகவே பழைய மாடியில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கீழே போய், அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பது நல்லது. குறிப்பாக, சுவருக்குள் நுழையும் அந்த முனையை!