உரைவாசிப்பு மென்பொருள் (கற்றல் குறைபாடு)

கணினித் திரையிலுள்ள எழுத்துகளைச் செயற்கைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குக் கல்வித் துணையாகப் பயன்படுகிறது.

தோற்றம்: அமெரிக்கக் கணினி அறிஞர் ரே கர்ஸ்வைல் 1976-இல் பார்வையற்றோருக்கான வாசிப்புப் பொறியை அறிமுகப்படுத்தினார். அச்சுப் பக்கத்தை வருடி, எழுத்துகளை அடையாளம் கண்டு, அது உரக்கப் படித்தது. இவ்வழியில் வந்த கர்ஸ்வைல் 3000 என்னும் மென்பொருள் 1990-களில் கற்றல் குறைபாடு உள்ளோருக்காக வெளிவந்தது.

செயல்பாடு: குரல் ஒலிக்கும்போதே அந்தந்தச் சொல் திரையில் நிறமிட்டுக் காட்டப்படும்; அதனால் கண்ணும் காதும் ஒருசேர வரியைத் தொடரும். வாசிப்பு வேகம், எழுத்தளவு, வரி இடைவெளி ஆகியவற்றை மாணவரே மாற்றிக்கொள்ளலாம். எழுதுவதற்குச் சொல் முன்கணிப்பு, பிழைதிருத்தி, பேச்சை எழுத்தாக்கும் வசதி ஆகியவை துணைநிற்கின்றன.

பயனும் வரம்பும்: டிஸ்லெக்ஸியா உள்ள பலருக்கு எழுத்தை ஒலியோடு பொருத்துவதில்தான் இடர்; அது அறிவுத்திறன் குறைவைக் காட்டுவதன்று. மென்பொருளால் வாசிப்புச் சுமை குறைவதால் அவர்கள் வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களின் பொருளில் கவனம் செலுத்த முடிகிறது. எனினும், எழுத்து–ஒலித் தொடர்பை முறையாகக் கற்பிக்கும் பயிற்சிக்கு இம்மென்பொருள் மாற்றாகாது. மங்கலாக வருடப்பட்ட பக்கங்களும் கணிதக் குறியீடுகளும் தவறாகப் படிக்கப்படுவதுண்டு. தமிழில் 'க', 'ச' போன்ற எழுத்துகளின் ஒலி சொல்லுக்குச் சொல் மாறுவதையும் மென்பொருள் கணிக்க வேண்டியுள்ளது.

சட்ட நிலை: இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.