டர்போ காருக்கு ஏர் ஃபில்டர்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்

திருத்தணி, திருவாலங்காடு, அரக்கோணம் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரவைக் காலம் தொடங்கிவிட்டால், திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும். சென்னை–திருப்பதி சாலையில் ஆந்திர எல்லை வரை லாரிகள் ஓய்வதில்லை. ஜல்லி லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனால் முன்கண்ணாடியில் மண் படிகிறது. அதே மண்தான் என்ஜின் இழுக்கும் காற்றோடு உள்ளேயும் போகப் பார்க்கிறது. அதைத் தடுக்க அங்கே இருப்பது ஏர் ஃபில்டர் ஒன்றுதான்.

வேலூர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துப் போவதும், உம்ரா செல்பவர்களைச் சென்னை விமான நிலையத்தில் விட்டு வருவதும், குடும்பத்தோடு நிக்காஹ்வுக்குப் போய் இரவில் திரும்புவதும் நம் வீடுகளில் அந்தக் காரை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே சில நூறு ரூபாய் பெறும் இந்தப் பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நம் காரில் டர்போ இருக்கிறதா?

டாடா நெக்ஸான், டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்ட ஹூண்டாய் வென்யூ போன்றவற்றை வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் பழைய டீசல் கார் வைத்திருக்கும் பலர், தங்கள் வண்டியிலும் டர்போ இருப்பதை அறிவதில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் இங்கே விற்ற டீசல் கார்களில் பெரும்பாலானவை டர்போ வண்டிகளே. ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்து, 2020இல் மாருதி நிறுத்திவிட்ட 1.3 லிட்டர் டீசல் என்ஜினும் அப்படித்தான்.

டர்போ என்பது புகைபோக்கிக் காற்றின் வேகத்தால் சுழலும் ஒரு விசிறி. மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடியது. காற்றை அழுத்தும் அந்த விசிறி பொதுவாக அலுமினியக் கலவையால் ஆனது. அந்த வேகத்தில் நுண்மணல் தொடர்ந்து வந்து மோதினால் இதழ்களின் விளிம்பு தேயும், சமநிலை கெடும், தாங்கும் பேரிங்குகள் பாதிக்கப்படும். டர்போவைத் தாண்டிப் போகும் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவும். இவற்றைச் சரிசெய்யும் செலவு பல பத்தாயிரங்களில் போய் நிற்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை. சென்னைக்குப் போய் வர 10 லிட்டர் செலவானால், 90,000 லிட்டர் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போயிருக்கிறது.

97 சதவீதம் நல்ல மார்க்கா?

தேர்வில் 97க்கும் 99க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஃபில்டரில் இருக்கிறது. 99 சதவீதத் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் 1 பங்கை உள்ளே விடுகிறது. 97 சதவீதம் பிடிப்பது 3 பங்கை விடுகிறது. அதாவது என்ஜினுக்குள் போகும் மண் மூன்று மடங்கு. எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவை விட்டுவிடுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

இதை அளக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. காற்று எவ்வளவு தடைபடுகிறது, எவ்வளவு தூசி பிடிபடுகிறது, நிறையும் வரை எவ்வளவு தூசியைத் தாங்குகிறது ஆகிய மூன்றும் அதில் தெரியும். விலை உயர்ந்த ‘பெர்ஃபாமன்ஸ்’ ஃபில்டரைக் கடைக்காரர் காட்டினால் இந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். சோதனைக்குப் பயன்படுத்தியது பருந்தூசியா, நுண்தூசியா என்பதையும் பாருங்கள். பருந்தூசியில் எந்த ஃபில்டரும் கூடுதல் மதிப்பெண் வாங்கிவிடும்.

சந்தையில் கிடைக்கும் வகைகள்

கம்பெனி ஃபில்டர்: கார் நிறுவனத்தின் பெயரில் அதன் சர்வீஸ் சென்டரிலும் அங்கீகரிக்கப்பட்ட பார்ட்ஸ் கடைகளிலும் கிடைப்பது. அளவு பற்றிய கவலை இல்லை.

தரமான வெளிமார்க்கெட் ஃபில்டர்: போஷ், மாலே, மான்-ஃபில்டர் போன்ற நிறுவனங்கள் நம் காரின் மாடலுக்கென்றே செய்து விற்பவை. இவை உலர்ந்த காகிதம் அல்லது செயற்கை இழையால் ஆனவை. நம் ஊர்த் தூசிக்கும் டர்போ காருக்கும் நாம் பரிந்துரைப்பது இந்த இரண்டு வகைகளையே.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்: கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று விற்கிறார்கள். காற்று எளிதாகப் போகும். ஆனால் கழுவி, முழுதாகக் காயவிட்டு, அளவாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால், காற்றின் அளவைக் கணிக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் கார்களில் அதன் மீது எண்ணெய் படிந்து கணிப்பு தவறலாம். இரு வழிச் சாலையில் லாரியை முந்தும் நேரத்தில் வண்டி இழுக்காமல் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

திறந்த கோன் ஃபில்டர்: ஒரிஜினல் ஃபில்டர் பாக்ஸையே கழற்றிவிட்டு மாட்டுவது. சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது இழுக்கும். தாழ்வாகப் பொருத்தினால், ஐப்பசி மழையில் சாலையில் தேங்கிய நீரையும் இழுக்கக்கூடும். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வாரண்டியும் சிக்கலாகும். குடும்பக் காருக்கு இது வேண்டாம்.

பவரும் மைலேஜும் கூடுமா?

நவீன டர்போ காரில் எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்பதை அதன் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றுவதால் உணரும்படியான பவர் கூடுவதில்லை. மைலேஜ் பற்றி அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோல் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரால்கூட எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் எடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்றால், விலை உயர்ந்த ஃபில்டர் அதைக் கூட்டும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வேகத்தையே உயிராக மதித்தவர்கள் தூசியை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பிய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற பெரிய ஃபில்டரைப் பொருத்தினார்கள். அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது. அதற்காக அவர்கள் வடிகட்டுவதையே கைவிட்டுவிடவில்லை. எகிப்தின் அபூகீரில் இருந்த பராமரிப்பு நிலையத்தில், அளவில் சிறிய வேறொரு ஃபில்டரை உருவாக்கிக்கொண்டார்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. காரின் மாடல், தயாரிப்பு ஆண்டு, என்ஜின் வகை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே காரின் பெட்ரோல், டீசல் மாடல்களுக்கு ஃபில்டர் வேறுபடலாம். பழைய ஃபில்டரைக் கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது.

2. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். 2 மில்லிமீட்டர் குறைந்தாலும் விளிம்பு வழியாகத் தூசி போகும்.

3. சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை அழுத்திப் பாருங்கள். மென்மையாக அழுந்தி உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். வெடிப்போ, இடைவெளியோ, பசை விட்ட இடமோ இருந்தால் வேண்டாம். எவ்வளவு நல்ல காகிதமாக இருந்தாலும் விளிம்பு பொருந்தாவிட்டால் பயனில்லை.

4. மடிப்புகள் சீராகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாகவும் தளர்வாகவும் இருந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அடைத்த ஃபில்டர் உறிஞ்சும் விசையில் உள்வாங்கிக் கிழிந்தால், துணுக்குகள் நேராக டர்போவுக்குள் போகும்.

5. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. ஏசி ஃபில்டர் வேறு, என்ஜின் ஏர் ஃபில்டர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போலிகளிடம் எச்சரிக்கை

பிரபல நிறுவனங்களின் பெட்டியை அப்படியே அச்சடித்து, உள்ளே மட்டமான ஃபில்டரை வைத்து விற்பதும் நடக்கிறது. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. முஸ்லிம் நூலில் பதிவான செய்தி அது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் ஒர்க்‌ஷாப்பும் நடத்தும் நம் சகோதரர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. லோக்கல் ஃபில்டரை லோக்கல் என்று சொல்லியே விற்கலாம். கம்பெனிப் பொருள் என்று சொல்லி விற்பது மோசடி.

வாங்குபவர்களும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, ஃபில்டரின் மீது பார்ட் நம்பர் இல்லாதது, நம்ப முடியாத விலைக் குறைப்பு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

மாட்டிய பிறகு

ஃபில்டர் பாக்ஸின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். எல்லா கிளிப்புகளும் பூட்டியிருக்க வேண்டும். ஹோஸ் கிளாம்ப் இறுகியிருக்க வேண்டும். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடிய பின், என்ஜினை அணைத்துவிட்டு, ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இயல்பு. உலர்ந்த மண் ஒட்டினால் எங்கோ கசிகிறது. உடனே கவனிக்க வேண்டும்.

காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் பீய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். கையேடு அனுமதித்தால், குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம் நோக்கி ஊதலாம். மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அளவு கையேட்டில் இருக்கும். அதிலேயே தூசி மிகுந்த சாலைகளுக்கென்று தனிக் குறிப்பும் இருக்கும். நம் பகுதிக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது அளவுதான்.

விசில் போன்ற புதிய சத்தம், கரும்புகை, நீலப்புகை, என்ஜின் ஆயில் குறைதல், திடீரென இழுவை குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாகனம் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் நிஃமத். அதில் ஏறும் குடும்பத்தார் நம் பொறுப்பில் உள்ள அமானிதம். வீண் விரயத்தைத் தவிர்ப்பதும் நம் கடமைதான். பகட்டுக்காகப் பல ஆயிரம் கொடுத்து ஃபில்டர் வாங்குவதும் விரயம். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினை இழப்பதும் விரயம். நம் பயணங்களையும் அதில் உடன் வருவோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.