எம்சிபியின் பூர்வீகம்

கரண்ட் போனதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "நமக்கு மட்டுமா, தெருவுக்கேவா?" என்பதுதான். ஜன்னல் வழியே எதிர்வீட்டை எட்டிப் பார்ப்போம். அங்கே விளக்கு எரிந்தால் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை. நேரே மீட்டர் பெட்டிப் பக்கம் போய், வரிசையாக நிற்கும் வெள்ளைக் கட்டைகளில் எது தலை கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்து விரலால் மேலே தள்ளுவோம். 'டக்'. ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கும்.

அந்தக் கட்டையின் முகத்தை எப்போதாவது நின்று படித்திருக்கிறீர்களா? 'சி16' என்று ஒரு குறி. சின்னக் கட்டத்துக்குள் 6000. பக்கத்தில் 230/400 வோல்ட். ஓரத்தில் ஐஎஸ்ஐ முத்திரை, அதையொட்டி 60898 என்று ஓர் எண். எம்சிபி என்று எலக்ட்ரீஷியனும் நாமும் சுருக்கமாக அழைக்கும் இந்தப் பொருளுக்குள் ஒரு கடிகாரத் தச்சர், செருப்புத் தைக்கப் படித்த ஒரு சிப்பாய், பலூன் விட்ட ஒரு ராணுவ அதிகாரி, நெருப்புக்குப் பயந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லோரும் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத இவர்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது எது என்பதுதான் கதை.

கரண்டே இல்லாத காலத்தில் கதை தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்ற தச்சர், நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடிகாரம் ஒன்றைச் செய்யப் பாடுபட்டார். வெயில் ஏறினால் கடிகாரத்தின் சுருள்வில் தளரும், குளிர்ந்தால் விறைக்கும், இரண்டிலும் நேரம் தவறும். நேரம் தவறினால் கப்பல் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஏறத்தாழ 19 வருடம் மல்லுக்கட்டிய தன் மூன்றாவது கடிகாரத்தில் ஹாரிசன் ஓர் உபாயம் செய்தார். பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முதுகோடு முதுகாகத் தறைந்தார். சூட்டில் பித்தளை கூடுதலாக நீளும், எஃகு குறைவாக நீளும். பிரிந்து போக வழியில்லாததால் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவு சுருள்வில்லைத் திருத்தியது. ஹாரிசனுக்குப் புகழ் தந்தது அடுத்து வந்த நான்காவது கடிகாரம்தான். ஆனாலும் மூன்றாவதிலிருந்த இரட்டைப் பட்டை, அவர் கனவிலும் காணாத வேலைக்காக நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தவர் வில்லியம் ஸ்டர்ஜன். செருப்புத் தைக்கும் தொழில் பழகி, பிறகு பட்டாளத்தில் சேர்ந்தவர். 1820களில் குதிரை லாடம்போல் வளைத்த இரும்பில் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தினார். இரும்பு காந்தமானது. கரண்டை நிறுத்தியதும் காந்தம் விட்டுப்போனது. மின்காந்தம் இப்படித்தான் பிறந்தது.

பலூன்காரர் 1870களில் வருகிறார். பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான சார்லஸ் ரெனார், கயிற்றில் கட்டி மேலே விடும் உளவு பலூன்களைப் பராமரித்தவர். அவற்றுக்கு 425 தடிமன்களில் கயிறுகள் இருப்பதைக் கண்டு அவருக்குத் தலைசுற்றியது. ஒவ்வோர் அளவும் முந்தையதைவிட ஒரே மடங்கு பெரிதாக இருக்கும்படி ஒரு படிவரிசை போட்டார். 425 அளவுகள் 17 ஆகச் சுருங்கின. அவருடைய கணக்குப்படி 10இல் தொடங்கி ஐந்தே படியில் 100ஐ எட்டலாம்: 10, 16, 25, 40, 63, 100. இப்போது உங்கள் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பதினைந்து ஆம்பியர் என்று ரவுண்டாக இல்லாமல் 16, 25, 40, 63 என்று எம்சிபிகள் ஏன் வினோதமான எண்களில் வருகின்றன என்பதற்குப் பதில் அந்தக் கயிற்றுக் கிடங்கில் இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. இதே ரெனார் 1884இல் நண்பர் கிரெப்ஸுடன், பேட்டரியில் ஓடும் மின்மோட்டார் பூட்டிய வான்கப்பலில் பறந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினார்.

இதற்கிடையே அமெரிக்காவில் தாமஸ் எடிசன் மின்விளக்கை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலையில் இருந்தார். மிகையான மின்னோட்டம் வந்தால் தானே விலகிக்கொள்ளும் கருவி ஒன்றை 1879லேயே காப்புரிமை விண்ணப்பத்தில் விவரித்துவிட்டார். ஆனால் 1882இல் நியூயார்க்கில் விநியோகம் தொடங்கியபோது காவலுக்கு நிறுத்தியது உருகிப்போகும் கம்பியைத்தான். ஃபியூஸ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே உருக்குவது என்றுதான் பொருள். நம் பாடப்புத்தகங்கள் அதை உருகி என்று சரியாகவே பெயர்த்தன. பேச்சுத் தமிழோ 'பீஸ் போயிடுச்சு' என்று அதைக் கம்பியிலிருந்து பல்புக்கும், பல்பிலிருந்து மனிதர்களுக்கும் விரித்துக்கொண்டது.

புது விளக்கோடு புது நெருப்பும் வந்தது. அதற்கு முதலில் பயந்தவர்கள், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர்கள். மின்விளக்கால் தீ பிடிக்காமலிருக்க வேண்டிய விதிகள் 1882இல் லண்டனில் வெளியாயின. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் மின் அரங்கை ஆராய, தீ இன்ஷூரன்ஸ் துறை வில்லியம் ஹென்றி மெர்ரில் என்ற இளம் பொறியாளரை அனுப்பியது. அடுத்த வருடமே அவர் தொடங்கிய சோதனைக்கூடம்தான், இன்று அமெரிக்கச் சாதனங்களில் யு.எல். என்ற வட்டமுத்திரையாகத் தெரிகிறது.

ஆனால் ஓர் ஊரின் விதி அடுத்த ஊருக்குப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றியெரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்தவர்களின் குழாய்கள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய் வாயில் பொருந்தவில்லை. மரை வேறு, அளவு வேறு. உதவி வந்தும் உதவ முடியாமல் நின்றது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

அதே வருடம் செப்டம்பரில், அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சியை ஒட்டி மின்பொறியாளர்கள் கூடினார்கள். கர்னல் கிராம்ப்டன் என்ற ஆங்கிலேயர் எழுந்து, மின்கருவிகளின் பெயர்களிலும் அளவுகளிலும் உலகம் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்று வாதிட்டார். ஆம், நம் வீட்டுக் கூரையில் சுற்றும் ஃபேனில் எழுதியிருக்கிறதே, அதே கிராம்ப்டன். இளம் வயதில் பட்டாள அதிகாரியாக இந்தியாவில் இருந்தபோது சாலையில் நீராவி வண்டி ஓட்டிப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பி மின்சாதனக் கம்பெனி நடத்திப் பெரும் பெயர் எடுத்தார்.

செயின்ட் லூயிஸ் தீர்மானத்தின் பலனாக 1906 ஜூனில் லண்டனின் ஹோட்டல் செசிலில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உருவானது. ஐ.இ.சி. என்று சுருங்கிய பெயர். முதல் தலைவர், வெப்பநிலை அலகுக்கே பெயர் கொடுத்த லார்டு கெல்வின். செயலாளராக அமர்ந்த சார்லஸ் லெ மேஸ்த்ர் பல பத்தாண்டுகள் அந்த நாற்காலியிலேயே இருந்து, நாடுகளைப் பேசவைப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். சண்டையிடாமல் பேச முதலில் சொற்கள் பொதுவாக வேண்டுமல்லவா? 1938இல் ஆணையம் வெளியிட்ட மின்னியல் கலைச்சொல் தொகுதியில் ஆங்கிலம், பிரெஞ்சோடு எஸ்பெராண்டோவுக்கும் இடமிருந்தது.

அறையில் பேச்சு நடக்க, பட்டறையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர்கள் எடிசனின் பல்புத் திருகைப் பார்த்து, பல்பு ஏறும் இடத்தில் ஃபியூஸும் ஏறட்டுமே என்று நினைத்தார்கள். திருகிப் பொருத்தும் ஃபியூஸ் அங்கே பரவியது. ஒவ்வோர் ஆம்பியருக்கும் அடிப்பகுதியின் விட்டம் வேறு. சிறிய ஃபியூஸின் இடத்தில் பெரியதைப் பொருத்தவே முடியாது. நம்மூர் கிட்கேட் ஃபியூஸ் கட்டையிலோ அப்படி ஒரு தடையும் இல்லை. ஃபியூஸ் கம்பி கைவசம் இல்லாத இரவில், ஒயரை உரித்து நாலு செம்பு இழையை உருவிச் சுற்றி, "தாங்கும்" என்று சொன்ன பெரியவர் இல்லாத தெரு உண்டா? அது தாங்கும். சுவருக்குள் ஓடும் ஒயர்தான் தாங்காது.

1924இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில்தான் நம் குடித்தனக்காரர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். தன் கம்பெனியைப் பிரவுன் பொவேரி என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அங்கேயே வேலை பார்த்தவர் அவர். மெல்லக் கூடும் சுமைக்கு ஹாரிசனின் இரட்டைப் பட்டை சூடாகி வளைந்து கொக்கியை விடுவிக்கும். ஒயரும் ஒயரும் உரசி ஷார்ட் ஆனால் ஸ்டர்ஜனின் மின்காந்தம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இழுத்துத் தள்ளும். தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி வில்லை அடுக்கடுக்கான தகடுகளால் துண்டாடி அணைக்கும் உத்தி, மும்முனை மின்சாரத்தின் முன்னோடியான டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி முதல் உலகப் போருக்கு முன்பே கண்டது. பின்னாளில் அதுவும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது.

ஸ்டோட்ஸின் சாமர்த்தியம் இன்னொன்றில் இருந்தது. தன் கருவியைப் பழைய ஃபியூஸின் திருகிலேயே ஏறும்படி செய்தார். சுவரை உடைக்க வேண்டாம், பெட்டியை மாற்ற வேண்டாம். ஃபியூஸைக் கழற்று, இதைத் திருகு, அவ்வளவுதான். பல்புக்குப் பிறந்த மரை, ஃபியூஸை வளர்த்து, ஃபியூஸின் எதிரிக்கும் மடி கொடுத்தது.

திருகுக்குப் பிறகு தண்டவாளம் வந்தது. ஜெர்மன் மின்விநியோக நிறுவனம் ஒன்றின் தேவைக்காக 1928 வாக்கில் உருவான யோசனை 1950களில் உறுதியான வடிவம் பெற்றது: 35 மி.மீ. அகல எஃகுப் பட்டை, விளிம்பு மடிந்த தொப்பி வடிவம். டின் ரெயில் என்றும் டின் சேனல் என்றும் நம் பேனல் பட்டறைகளில் சொல்வார்கள். 'டின்' என்பதற்கும் தகரத்துக்கும் சம்பந்தமில்லை. அது 1917இல் போர்க்காலத்தில் பிறந்த ஜெர்மன் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். ஒரு கட்டைக்குச் சுமார் 18 மி.மீ. அகலம், பின்னால் ஒரு கவ்வி. யார் செய்தாலும் எவர் பட்டையிலும் 'க்ளிக்' என்று உட்காரும்.

இங்கேதான் திருப்பம். அதுவரை போட்டியாளர் செய்ததை அப்படியே செய்பவருக்குக் காப்பியடிப்பவர் என்று பெயர். அளவு பொதுச்சொத்தானதும் அதுவே நாணயமான வியாபாரம் ஆகிவிட்டது. "நான் அவரைப் பார்த்துச் செய்யவில்லை, இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறோம்" என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அந்தப் புத்தகம் ஒன்றாவதற்குத்தான் நாளானது. 1948இல் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த ஐ.இ.சி.யிடம் சர்க்யூட் பிரேக்கருக்கு 157, கான்டாக்டருக்கு 158, சுவிட்சுக்கு 408 என்று தனித்தனி ஏடுகள் இருந்தன. 1988 முதல் அவை 947 என்ற ஒரே தொகுப்பாகத் திரண்டன. வீட்டு எம்சிபிக்கு மட்டும் 898 என்ற தனி ஏடு, 1987இல். இயக்குபவர் பொறியாளரல்ல, நீங்களும் நானும் என்பதால் அது தனிக்குடித்தனம். 1997இல் எல்லா எண்களோடும் அறுபதாயிரத்தைக் கூட்டினார்கள். 898 இப்படித்தான் 60898 ஆனது. அமெரிக்காவோ பிரேக்கருக்கு இன்னும் தன் யு.எல். ஏட்டையே வைத்திருக்கிறது.

இப்போது கட்டையின் முகம் புரியும். 'சி' என்பது சுபாவம். மதிப்பைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால்தான் மின்காந்தம் உடனே பாயும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் அரைநொடி வேகத்துக்கெல்லாம் பதறாது. 'பி' மூன்று மடங்கிலேயே தயாராகிவிடும், 'டி' பத்துக்கு மேல் பொறுக்கும். 'ஏ' ஏன் இல்லை? ஆம்பியரின் குறியோடு குழம்பிவிடும் என்பது துறையில் சொல்லும் காரணம். 6000 என்பது, ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்பியர் வரை அறுத்து நிறுத்தும் என்ற வாக்குறுதி. கோவைப் பக்கம் பம்ப்செட் ஸ்டார்ட்டரைத் திறந்தால் கான்டாக்டரில் 'ஏசி-3' என்று இருக்கும். அது 947இன் பாஷை: மோட்டாரைக் கிளப்பவும், ஓடும்போது நிறுத்தவும் லாயக்கு என்று அர்த்தம்.

1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம் தன் முதல் தரநிலையை எதற்கு எழுதியது தெரியுமா? தேசியக் கொடிக்கு. எம்சிபிக்கு 8828 என்ற எண்ணில் சொந்த ஏடு இருந்தது. பிறகு அதை ஐ.இ.சி.யின் ஏட்டோடு இணைத்து, இன்று 60898 என்றே அச்சிடுகிறோம். 1987இல் நிறுவனத்தின் பெயர் பி.ஐ.எஸ். என்று மாறியும், முத்திரை பழைய பெயரைத்தான் சுமக்கிறது. 2003இல் வந்த ஆணை எம்சிபிக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது. பொதுப் புத்தகம் வந்தபின் பழைய காப்பிக்காரர்களுக்கு மிச்சமிருப்பது ஒரே தொழில்: கட்டையை விட்டுவிட்டு முத்திரையைக் காப்பியடிப்பது.

கடைசியாக ஒன்று. 60898இன்படி எம்சிபியை அளவு திருத்துவது 30 டிகிரி வெப்பத்தில். அந்தச் சூட்டில், மதிப்பைவிட 13 சதவீதம் கூடுதலான மின்னோட்டத்தை அது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 45 சதவீதம் கூடினால் ஒரு மணிக்குள் விலக வேண்டும். வேலூரின் மே மாத மத்தியானத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. வெயில் படும் சுவரில், மூடிய பெட்டிக்குள் இருக்கும் இரட்டைப் பட்டை, ஏசியும் மோட்டாரும் ஓடுவதற்கு முன்பே பாதி வளைந்து நிற்கும். கொஞ்சம் சுமை ஏறினாலும் 'டக்'. சூட்டை ஜெயிக்க ஹாரிசன் செய்த பட்டையை, சூடு இங்கே மறுபடி ஏமாற்றுகிறது.

அடுத்த முறை மத்தியானம் ட்ரிப் ஆனால் கட்டையைக் கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு மேலே தள்ளுங்கள்.