ஈழநாட்டுக் காரீயம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களைக் கொண்டு எழுதுவோர் பலர்; அந்நாட்டு மண்ணினின்று அகழ்ந்தெடுத்த பொருள்களைக் கொண்டு எழுதுவோர் சிலரே. முத்தும் மணியும் ஈழத்திற்குத் தேடித்தந்த புகழை யாவரும் அறிவர். தொட்ட கையைக் கறுப்பாக்கும் காரீயம் இந்நாட்டின் பொருளியலையும் அரசியலையும் எத்துணை மாற்றிற்று என்பதை அறிந்தவர் சிலர். உலகம் நிலக்கரியையும் எண்ணெயையும் குறைத்துத் தூய மின்வலுவை நாடும் இக்காலத்தில் அக்கருங்கனி மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. ஆதலின் அதன் பழைய வரலாற்றை ஆராய்தல் இன்றைக்கும் பயனுடைத்து.

காரீயம் என்னும் பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. எழுதினாற் கருங்கோடு இடும் இதனை ஈயத்தின் ஒரு வகையென மேனாட்டாரும் பண்டு கருதினர். இது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சீலே நிறுவினார். பிற நாடுகளிற் காரீயம் பெரும்பாலும் பாறையினுள்ளே செதில்களாகச் சிதறிக் கிடக்கும். ஈழத்திலோ பாறைப் பிளவுகளை நிரப்பிய நாளங்களாக அமைந்துள்ளது. இவ்வாறமைந்த காரீயம் அகழ்ந்த நிலையிலேயே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு கரியுடையதாய் இருத்தல் இதன் தனிச்சிறப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாடுகளின் உலோகத் தொழில் பெருகியபோது, கடுவெப்பத்தைத் தாங்கும் புடக்குகைகள் வேண்டப்பட்டன. அவற்றைச் செய்தற்கு ஈழத்துக் காரீயம் மிகப் பொருந்திற்று. இலண்டனிலும் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலும் இருந்த புடக்குகைத் தொழிற்சாலைகள் இதனை விரும்பி வாங்கின. கோப்பியும் தேயிலையும் பெரும்பாலும் பிரித்தானியர் கையில் இருக்க, காரீயச் சுரங்கங்களோ பெரும்பாலும் இந்நாட்டவர் கையிலேயே இருந்தன. முதலாவது உலகப் போரின்போது, 1916 ஆம் ஆண்டில், ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன் என்னும் உச்சத்தை எட்டிற்று.

இச்செல்வம் யாரைச் சேர்ந்தது? குடியேற்ற ஆட்சி நீங்கும் காலத்தே நாட்டின் முதல் மூன்று பிரதமராய் விளங்கிய டி. எஸ். சேனநாயக்கா (1947), டட்லி சேனநாயக்கா (1952), சேர் ஜோன் கொத்தலாவலை (1953) ஆகிய மூவரும் காரீயச் சுரங்கங்களாற் பொருள் பெற்ற குடும்பங்களிற் பிறந்தோரே. தேசிய இயக்கத்தின் முன்னணியில் நின்றோர் சிலர்க்கு இக்கருங்கனி முதலீடாயிற்று எனின் மிகையாகாது.

ஆயின் குழியினுள் இறங்கியவன் நிலை வேறு. காட்டு மரங்களைக் கட்டிச் சமைத்த ஏணிகளில் இறங்கி, மங்கிய விளக்கொளியில் அவன் பாறையை அகழ்ந்தான். மேலே கொணர்ந்த காரீயத்தைக் கொழும்புக் களஞ்சியங்களிற் பெண்கள் தரம் பிரித்துத் துலக்கினர். அவ்வுழைப்பின் விலை அவர்தம் கூலியோடு முடிந்ததன்று. 1972 ஆம் ஆண்டில் இரணசிங்க, ஊரகொட என்னும் மருத்துவர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று, பெருஞ் சுரங்கமொன்றின் தொழிலாளர் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கதிர்ப்படத்தாற் சோதித்து, ஐந்திலொரு பங்கினர்க்கு மேற்பட்டோரிடம் நுரையீரல் மாற்றங்களைக் கண்டது. ஏற்றுமதிக் கணக்கில் எழுதப்படாத செலவு இதுவாகும்.

உச்சத்தின் பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. மடகசுக்காரில் ஆழமின்றி அகழப்பட்ட செதிற் காரீயம் மலிவாகச் சந்தையை அடைந்தது. புடக்குகை செய்வோர் அதனைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொண்டனர். எரியுலைகளும் மாறின. மண்ணை விற்ற நாட்டிற்கு மாற்றுவழி இல்லாது போயிற்று. ஏனெனில் புடக்குகை செய்யும் அறிவும் ஆலையும் கடலுக்கு அப்பாலே இருந்தன. இரண்டாவது உலகப் போர் மீண்டும் ஓர் ஏற்றத்தைத் தந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 1971 இற் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கம் பின்னர்த் தனியாரிடம் சென்றது. குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கம் அரசிடமே இருந்துவந்துள்ளது.

இன்று வாய்ப்பு மீண்டும் வாயிலில் நிற்கின்றது. மின்சார மோட்டார் வண்டிகளை இயக்கும் இலிதிய மின்கலத்தின் எதிர்மின்வாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆயது. அம்மின்கலத்தில் இலிதியத்தைவிடப் பன்மடங்கு காரீயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011 ஆம் ஆண்டிலேயே இதனை இன்றியமையா மூலப்பொருள்களுள் ஒன்றாகக் கணித்தது. மின்கலத்திற்கேற்பக் காரீயத்தைப் பதப்படுத்தும் தொழிலிற் பெரும்பகுதியைத் தன்னிடத்தே கொண்ட சீனா, 2023 டிசெம்பரில் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திர முறையை விதித்தபோது, வாங்கும் நாடுகள் கலங்கின. மொசாம்பிக் நாட்டின் பலாமாச் சுரங்கம், நிலமிழந்த உழவர்தம் எதிர்ப்பினால் 2024 இன் இறுதியில் இயங்காது நின்றது. காற்றைத் தூய்மையாக்கும் பொருட்டு அகழப்படும் கனி, அகழ்வோரின் மூச்சையும் அயலாரின் வயலையும் கெடுக்குமாயின், அதனைத் தூய்மை எனல் எங்ஙனம் பொருந்தும்?

2024 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் அமைத்த குழு, இத்தகைய கனிகள் பற்றிய நெறிகளை வகுத்தபோது, மனித உரிமையை முதன்மையாக வைத்தது. பயன் நேர்மையாகப் பகிரப்படல் வேண்டும் எனவும், விளைபொருளின் மதிப்பு அதனைத் தரும் நாட்டிலேயே உயர்த்தப்படல் வேண்டும் எனவும் வற்புறுத்திற்று. ஈழத்துக் காரீய வரலாற்றைக் கற்றோர்க்கு இவை புதியன அல்ல. தொழிலாளி உடல்நலத்தைக் காத்தல், சுரங்கத்தின் அயலூர்க்கு உரியதை வழங்குதல், கனியோடு அதனைப் பயன்படுத்தும் அறிவையும் வளர்த்தல் ஆகிய மூன்றும் நூறாண்டின்முன் தவறவிடப்பட்டவை. அவற்றுள் மூன்றாவது கல்விக்கூடங்களின் கடமையாகும். நிலத்தடியிலுள்ள நாளம் ஒருநாள் வற்றும். அதனைக் கொண்டு நாம் பெற்ற அறிவு வற்றாது. அவ்வறிவைப் பெறாது கனியை மட்டும் விற்போமாயின், 1916 இன் பின் நேர்ந்தது மீண்டும் நேரும் என்பது திண்ணம்.