பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. 65-ஏ என்று ஒரு புதிய பிரிவு. வேலைநேரம், இடைவேளை, வார விடுமுறை, ஓவர்டைம் பற்றிய விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்கு தரலாம் என்பது அதன் சாரம். நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம், வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, விரும்பாதவர்களுக்குக் கட்டாயமில்லை என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அந்தத் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தச் சில நாட்களில் பத்திரிகைகளில் நடந்த வாதத்தைப் படித்தவர்களுக்கு, பழைய தொழிற்சங்க மனநிலைக்கும் புதிய உலகின் நெகிழ்வான வேலைமுறைக்கும் நடந்த மோதல் இது என்று தோன்றியிருக்கும். உண்மையில் நெகிழ்வு என்ற வாதத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. நேர வரம்பே வேண்டாம் என்பதற்கான காரணமாகத்தான் அது இந்த நாட்டில் முதலில் எழுந்தது.

பம்பாயில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் வேலைநேரத்தைத் தீர்மானித்தது சூரியன். விடிந்ததும் மில் ஓடத் தொடங்கும், இருட்டியதும் நிற்கும். கோடையில் நாள் நீளும், கூடவே வேலையும் நீளும். 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசியது: ஏழு வயதுக்குக் கீழே வேலை கூடாது, பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரம். 1891-இன் சட்டம் பெண்களுக்குப் பதினொரு மணி என்று வரையறுத்து, எல்லாருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறையும் நண்பகலில் அரை மணி இடைவேளையும் தந்தது. வயதுவந்த ஆண்கள் எவ்வளவு நேரம் உழைக்கலாம் என்பதை அதுவும் தொடவில்லை. பிறகு ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. சூரியன் போட்டிருந்த ஒரே வரம்பும் போனது. 1905 வாக்கில் பம்பாயில் சில மில்கள் நாளுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓடின. கூக்குரல் எழுந்தபோது அரசு 1907-இல் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தை அமைத்தது.

ஆணையத்தின் முன் முதலாளிகள் வைத்த வாதம் சுவையானது. இந்தியத் தொழிலாளி மான்செஸ்டர் தொழிலாளியைப் போல மூச்சுவிடாமல் வேலை செய்பவனல்ல. நினைத்தபோது வெளியே போவான், பீடி குடிப்பான், குளிப்பான், வீட்டிலிருந்து சோறு வந்தால் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவான். பதினான்கு மணி நேரம் ஆலைக்குள் இருந்தாலும் அதில் பாதிக்கும் சற்று மேல்தான் உழைப்பு. அவன் பாணியில் அவன் வேலை செய்கிறான், சட்டம் எதற்குக் குறுக்கே வர வேண்டும்? ஆணையத்தின் பெரும்பான்மையும் ஆண்களின் வேலைநேரத்தை நேரடியாக வரையறுக்க வேண்டியதில்லை என்று 1908-இல் எழுதியது. அதை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதியவர் சென்னையின் டாக்டர் டி. எம். நாயர். எட்டே ஆண்டுகளில் நீதிக்கட்சியை உருவாக்கிய மூவரில் ஒருவராக அறியப்படப்போகும் அதே நாயர். அரசியல் வரலாறு அவருடைய அந்தப் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பாதியை மறந்துவிட்டது. எனக்கென்னவோ இதுதான் பெரிய பாதி. ஆண்களுக்கும் வரம்பு வேண்டும் என்றார் அவர். 1911-இன் சட்டம் பெரும்பான்மையைத் தள்ளிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தது: நூற்பு, நெசவு ஆலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உச்சவரம்பு. 2023-இல் நெகிழ்வு என்று பெயர் சூடி வந்த அதே பன்னிரண்டு, அன்று உழைப்பைக் கட்டுப்படுத்த வந்த எண்.

முதலாளிகள் பொய் சொல்லவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொழிலாளர்கள் இடையிடையே வெளியே போனது உண்மை. கடிகாரம் வருவதற்கு முந்தைய வேலையின் தாளத்தை, தொழிலாளி தன் கையில் வைத்திருந்த சுதந்திரமாகப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கைவினைஞர்கள் திங்கட்கிழமையையும் ஞாயிறோடு சேர்த்துக்கொண்ட வழக்கத்தைப் பற்றி ஈ. பி. தாம்சன் 1967-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் வீட்டுத் தறியில் உட்கார்ந்து தன் துணியைத் தானே விற்ற நெசவாளியும், அடுத்தவன் இயந்திரத்தின் முன் நின்ற மில் ஆளும் ஒன்றல்ல. மில்லில் அவன் எடுத்துக்கொண்ட பத்து நிமிடம் மேஸ்திரியின் கண் மறைவில் கிடைத்தது. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்ற இரண்டு முனையும் முதலாளியின் கையில். பதினான்கு மணி நேரம் ஒருவரால் நிற்காமல் உழைக்க முடியாது என்பதால்தான் அவன் வெளியே போனான். நீண்ட வேலைநேரத்தின் விளைவை எடுத்து அதற்கே சமாதானமாகக் காட்டினார்கள்.

சென்னையில் இந்தக் கணக்கு இன்னும் சின்ன அளவில் நடந்தது. பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1918-இல் தொழிலாளர்கள் வைத்த முதல் குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை. சட்டம் சொன்ன குறைந்தபட்ச அரை மணியே அங்கே நடைமுறை. அதற்குள் வெளியே வந்து, கை கழுவி, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுச் சங்கு ஊதுமுன் தறிக்குத் திரும்ப வேண்டும். உள்ளூர் வணிகர்களான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஹோம் ரூல் இயக்கத்தின் பி. பி. வாடியாவைத் தேடிப்போய் இதைச் சொன்னார்கள். அந்த ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் அதில் இணைந்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் அமைப்பு, அரை மணியைக் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்லித் தொடங்கியது. நேரத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை முதலாளிகள் சங்கொலி வழியாகக் கற்றுத்தந்தார்கள். தொழிலாளர்கள் அதே எண்ணிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வார வரம்பு 1922-இல் 60 மணி ஆனது, 1934-இல் 54, 1946-இல் 48.

வேலை தொடங்கும் நேரத்தை ஊழியரே தேர்ந்தெடுக்கும் முறை இந்த எண்ணிக்கைக்குப் பின்னால்தான் வந்தது. 1967-இல் மியூனிக் அருகே ஓட்டோபுருன் என்ற ஊரில் ஒரு விமான நிறுவனத்தில் அது நடைமுறைக்கு வந்தது. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் காரில் வந்ததால் காலையில் சாலை அடைத்துக்கொண்டது. குறிப்பிட்ட சில மணி நேரம் எல்லாரும் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் அவரவர் விருப்பம். அங்கே மொத்த மணிநேரம் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது. அந்த முறையோடு சேர்ந்தே ஒவ்வொருவரின் நேரத்தையும் கூட்டிக்காட்டும் கருவிகளும் சந்தைக்கு வந்தன. சென்னையின் 65-ஏ எடுத்த வழி நேர்மாறானது. அப்போது நடைமுறையிலிருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி. விலக்கு தரத்தக்க பிரிவுகளின் பட்டியலில் அந்த 59-ஆம் பிரிவு இருந்தது, வாரத்துக்கு 48 என்று சொன்ன 51-ஆம் பிரிவும் இருந்தது. பன்னிரண்டு மணி நாளில் ஓவர்டைமாக இருக்க வேண்டிய மூன்று மணி நேரம், நாளுக்கு மூன்றாக, வாரத்துக்குப் பன்னிரண்டாகச் சாதாரணக் கூலிக்கு இறங்க வழி திறந்தது. மூன்று நாள் விடுப்பு அமைச்சர்களின் பேச்சில் இருந்தது.

கறாரான நேரம் பெண்களுக்கே பாதகம், வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு அவர்களால் ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. இதற்குத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பீடித் தொழிலே பதில் வைத்திருக்கிறது. இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே மடியில் தட்டை வைத்துச் சுற்றி, கட்டுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களுக்கு எந்தச் சங்கும் ஊதுவதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. எத்தனை மணி நேரம் என்பது அவர்கள் பாடு. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது, அது சின்ன வெற்றியல்ல. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அதன் வரம்பு தொழிற்கூடத்துக்குள் செய்யும் வேலைக்கு மட்டுமே எழுதப்பட்டது. திண்ணையில் விளக்கு வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குச் சுற்றும் பீடிக்கு அந்தச் சட்டத்தில் மணிக்கணக்கு இருக்கவில்லை. இன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியர், இரவு உணவுக்குப் பிறகு மறுபடி மடிக்கணினியைத் திறக்கும்போது, அந்த வரம்பு எட்டாத அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்; சம்பளம் மட்டும் வேறு.