எலும்பு கடித்த பசு

நேயர்களே, பசு எலும்பு கடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையோரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே, எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய கானுக்கருகில், எங்கள் வீட்டுப் பசு லெட்சுமி தலையை உயர்த்தி, கடைவாயில் எதையோ அடக்கி மென்றுகொண்டு நின்றது. எச்சில் நூலாக வடிந்தது. கிட்டப் போய்ப் பார்த்த அப்பாயி, "ஐயோ, மாரியாத்தா!" என்று அலறிவிட்டாள். திருவிழாவுக்கு வெட்டிய கிடாயின் தொடை எலும்பு அது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதன் பின்னர்தான் லெட்சுமியின் மற்றப் பழக்கங்களும் எங்கள் கண்ணில் படத் தொடங்கின. கொடியில் காய்ந்த சேலைத் தலைப்பைச் சப்பும். சாக்கின் ஓரத்தை மெல்லும். சுண்ணாம்பு பூசிய சுவரை மணிக்கணக்காக நக்கும். புல்லுக்கட்டைப் போட்டாலும் பாதியில் விட்டுவிட்டுச் சுவருக்கே போகும்.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார்கள், செய்வினை என்றார்கள். பூசாரி திருநீறு போட்டார். அப்பாயி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். ஒன்றுக்கும் கேட்காமற்போகவே, பிரம்பில் வாய்க்கூடு பின்னி அதன் வாயிலே கட்டினாள். ஆனால் பேச்சு அதற்குள் பரவிவிட்டது. "எலும்பு தின்ன மாட்டுப் பால சாமிக்கு வைக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். மறுநாள் இரண்டு வீட்டார் பால் வேண்டாம் என்றார்கள். மாதமுடிவில் ஒருவருமே வாங்கவில்லை. கொழுந்தெடுத்த சம்பளத்துக்கு மேலே எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே வரும்படி அந்தப் பால்தான். அந்த வருடம் அம்மா தம்பியை வயிற்றில் சுமந்திருந்தாள். மாட்டு வியாபாரி ஒருவர் வந்து, குற்றமுள்ள மாடென்று சொல்லி, அரைவிலை கொடுத்து லெட்சுமியை ஓட்டிக்கொண்டு போனார்.

பல வருடங்களுக்குப் பின் நான் ஆசிரியனாகி, நூலகம் ஒன்றில் கால்நடைத் தீவனம் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, லெட்சுமியின் கதை எனக்குத் தெரியாத ஒரு தேசத்தில் முன்பே எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன்.

அந்தத் தேசம் தென்னாபிரிக்கா. அங்கே பரந்த புல்வெளிகளில் மேய்ந்த மாடுகள் செத்த மிருகங்களின் எலும்புகளைத் தேடித் தேடிக் கடித்தன. கடித்தவற்றுட் பல, கால்கள் சோர்ந்து, நாக்குத் தளர்ந்து விழுந்து செத்தன. அந்த நோய்க்கு 'லாம்சீக்தே' என்று பெயர். சுவிற்சர்லாந்தில் 1867இல் பிறந்து தென்னாபிரிக்காவில் குடியேறிய மிருக வைத்தியர் ஆர்னோல்ட் தைலர், 1908இல் ஒண்டர்ஸ்டபோர்ட்டில் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவியவர். அவர் இந்த நோயோடு பல வருடங்கள் மல்லாடினார். 1920 அளவில் முடிச்சு அவிழ்ந்தது. மாடுகளைக் கொன்றது அழுகிய எலும்பிலே பெருகிய நுண்ணுயிரின் நஞ்சு. ஆனால், புல் தின்னப் பிறந்த மாடு அந்த எலும்பை ஏன் தேடிப் போயிற்று? விடை மண்ணுக்குள் இருந்தது. அந்த மண்ணிலே பொஸ்பரஸ் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. ஆகவே மாட்டின் உடலிலும் குறைவு. தைலரும் அவருடைய தோழர்களும் மாடுகளுக்கு எலும்புத் தூளைத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தேடும் வேட்கை அடங்கியது, உடம்பு தேறியது, பாலும் கூடியது. இரத்தத்தில் அந்தச் சத்துக் குறையும்போதே எலும்பின்மேல் நாட்டம் எழுகிறது என்பதைப் பிற்காலத்தில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் எங்கள் ஊவா மண்ணை நினைத்துப் பார்த்தேன். லெட்சுமியின் நாக்கு எதைத் தேடியது என்று ஊகிக்க அந்த மண்ணின் வரலாறே போதும்.

ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் மண்டிக் கிடப்பது மானாப்புல். இளசாக இருக்கும்போது மட்டுமே மாடு அதை விரும்பும். முற்றினால் கத்திபோல் இருக்கும். புதுத் துளிர் வரட்டும் என்று வருடந்தோறும் அதற்குத் தீ வைப்பது பழைய வழக்கம். தீயும் மழையும் மாறிமாறி மேல்மண்ணைக் கொண்டுபோய்விட்டன. தேயிலை நிற்கும் மலைகளிலோ மண் புளிப்புத் தன்மை கொண்டது. தேயிலைக்கு அதுவே உகந்தது. ஆனால் அத்தகைய மண்ணிலே இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸைப் பிடித்துப் பூட்டிவைத்துக்கொள்ளும். புல்லின் வேருக்கு அது எளிதில் எட்டாது. தேயிலைக்குள் மாட்டை விடத் தோட்டம் அனுமதிக்காது. மாலையில் பெண்கள் கான்கரையிலும் ரோட்டோரத்திலும் அறுத்துவரும் புல்லே மாட்டுக்கு உணவு. ஒரு லீற்றர் பாலிலே ஏறக்குறைய ஒரு கிராம் பொஸ்பரஸ் போகிறது. வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பசு தன் சொந்த எலும்பைக் கரைத்துத்தான் எங்களுக்குப் பால் தந்தது. கறவைப் பசுவிலும் சினைப் பசுவிலும் இப்பழக்கம் முந்தித் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் கொஞ்சம் பின்னே போனால் வேறொரு வேடிக்கையும் தெரிகிறது. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைக்கு முன்னே இங்கே காப்பி பயிரிட்டார்கள். அக்காலத்துக் காப்பித் தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் இருந்தன. மானாப்புல்லைப் படுக்கையாகப் பரப்பி, சாணத்தோடு மக்கவைத்து, காப்பி வேருக்கு இட்டார்கள். அது போதாதென்று எலும்பையும் நொறுக்கிப் போட்டார்கள்; புண்ணாக்கும் போட்டார்கள். ஆக, பயிருக்கு எலும்பு வேண்டும் என்பதை துரைமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1869இல், காப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையிலே முதன்முதல் கவனிக்கப்பட்டதும் எங்கள் பக்கத்து மடுல்சீமையில்தான். செடியின் இலையில் ஒரு புள்ளி தோன்றியதும் கடல் கடந்து நிபுணர்களுக்குக் கடிதம் போயிற்று. மலைமேலே லயத்து மாடு சுவரை நக்கியதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

மாட்டின் விநோதப் பழக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கற்பிக்கலாகாது என்பதையும் நான் பின்னர் அறிந்துகொண்டேன். சுவரையும் வியர்வை படிந்த துணியையும் நக்கும் மாட்டுக்கு உப்புக் குறையாக இருக்கலாம். இருட்டுத் தொழுவத்தில் குறுங்கயிற்றில் கட்டுண்டு, மெல்லுவதற்குப் போதிய புல்லும் இல்லாத மாடு, வெறும் வாயிலே நாக்கைச் சுழற்றிக்கொண்டே நிற்கும். அது அடைபட்ட வாழ்வின் அறிகுறி. கன்றைக் காணாமல் பால் சுரக்க மறுக்கும் பசுவைத் திமிர் பிடித்தது என்று அடிப்பார்கள். கன்றின் முட்டலும் மணமும் மூளைக்கு எட்டிய பிறகே மடி இளகும் என்பது இன்று எல்லோரும் அறிந்த உடற்கூற்று உண்மை. அச்சத்தில் அது இன்னும் இறுகும். கண்டதையும் விழுங்கும் பழக்கத்தால் ஆபத்தும் உண்டு. ஆணியோ கம்பித்துண்டோ உள்ளே போனால் இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, அதைத் துளைத்து இதயம்வரை செல்லக்கூடும். ஆகவே பழக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது என்று கேட்கவேண்டும் என்கிறேன்.

நேயர்களே, இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் மாடு மாத்திரமல்ல. லெட்சுமி சுவரை நக்கிய அதே வருடத்தில், எங்கள் அம்மா அடுப்படிச் சுவரிலிருந்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நான் கண்டிருக்கிறேன். அப்பாயி கண்டபோது, "புள்ளத்தாச்சி திங்கிற திண்டியாடி இது?" என்று ஏசினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு ஒளித்துத் தின்றாள்.

கர்ப்பிணிகள் மண் தின்பதற்கும் இரத்தசோகைக்கும் உள்ள உறவை வைத்தியர்கள் அறிவார்கள். மண் அந்தக் குறையை நிரப்புவதில்லை. சில வகை மண், இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கவும் கூடும். ஆனால் அந்த ஆசை ஒரு குறையின் குரல். தோட்டங்களிலே கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சியதால் எத்தனை பேர் வெளிறிப்போனார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைக்கு வந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது தோட்டத் தொழிலாளர் மத்தியில்தான். அதற்கும் முந்திய காலத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே மண் தின்ற அடிமைகளின் முகத்தில் இரும்பு முகமூடி பூட்டினார்கள். கெட்ட பழக்கம், சோம்பல், பிடிவாதம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை வாசித்த அன்று எனக்கு அப்பாயி பின்னிய பிரம்பு வாய்க்கூடு நினைவுக்கு வந்தது. அப்பாயி கொடியவள் அல்லள். பசுவைப் பிள்ளைபோல் வளர்த்தவள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவருமில்லை, அவ்வளவுதான்.

1971இல் எப்பாவலையிலே பொஸ்பேற்றுப் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. அதை அரைத்துத் தேயிலைக்கு இடுகிறார்கள். மாட்டுக்கென்று தாதுஉப்புக் கட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. தொழுவத்தில் தொங்கவிட்டால் மாடு தானே வந்து நக்கிக்கொள்ளும். பதுளைப் பக்கத்தில் இன்றும் மாடு வளர்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாடு எலும்பைத் தேடினால் வாய்க்கூட்டைத் தேடாதீர்கள். மிருக வைத்தியரைத் தேடுங்கள். வீட்டிலே ஒரு பெண் மண்ணைக் கிள்ளினால் ஏசாதீர்கள்; கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

தம்பி எடை குறைவாகத்தான் பிறந்தான், பிழைத்துக்கொண்டான். லெட்சுமி போன பின்பு வந்த பட்டிப் பொங்கலுக்கு எங்கள் தொழுவத்தில் கன்று மட்டும் நின்றது. பொங்கலுக்கு முதல்நாள் அப்பாயி சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாள். லெட்சுமி நக்கிய இடம் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. அடுப்படிக்குள்ளே அம்மா கிள்ளிய இடத்தில் இன்னொரு சிறு குழி இருந்தது. இரண்டுக்கும் சேர்த்தே பூசினாள். இரண்டு பூச்சுப் பூசியும் குழிகள் தெரிந்தன.