இது வீடா, சத்திரமா?

வீட்டில் செருப்பு ஒரு மூலை, பை ஒரு மூலையாகக் கிடந்தால், "இது வீடா, சத்திரமா?" என்று பிள்ளைகளைக் கேட்காதவர் நம்மில் குறைவு. ஒழுங்கில்லாத இடத்துக்குச் சத்திரம் என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் பழைய சத்திரங்களின் ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் இனி அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

ரயிலுக்கு முந்தைய யாத்திரையை முதலில் நினைத்துப் பாருங்கள். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் காசிக்குக் கிளம்பினார். ஏறக்குறைய நூறு பேர். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதங்களுக்கு மேல் வழிதான் வீடு. அவர் வசதியானவர்; கூடாரமும் பல்லக்கும் இருந்தன. கால்நடையாக ராமேஸ்வரம் போன ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? வழியில் காய்ச்சல் வரும், மழை பிடிக்கும், கர்ப்பிணிக்கு வலி எடுக்கும்.

இதற்குப் பதில் சொன்னவை தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் சாலையில் கட்டிய சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய பெண்மணியின் நினைவாக எழுப்பியது. குதிரையும் யானையும் இழுக்கும் தேர் போன்ற அதன் முகப்பை இன்றும் பார்க்கலாம்.

1799 உடன்படிக்கையில் தஞ்சை நிர்வாகம் கம்பெனியிடம் போனது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்தான். சத்திர மானியக் கிராமங்களும் கைவிட்டுப் போனால் அடுப்பு அணைந்துவிடுமே என்ற கவலையில், சரபோஜி 1801-இல் கம்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார்.

எந்தச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. சமைத்த உணவு ஏற்காதவருக்கு அரிசி, பருப்பாகக் கொடுப்பார்கள். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று அழைப்பார்கள். தக்க காரணத்தால் பயணம் தடைப்பட்டால் தங்கும்வரை உணவு. நோயாளிக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியமும். கைக்குழந்தைக்குப் பால். அங்கேயே பிள்ளை பெற்ற தாய் மூன்று மாதம் தங்கலாம், செலவு சத்திரத்துடையது. அநாதைப் பிள்ளைகளுக்குக் கல்வி, துணி, மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல்!

கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்கு இதில் ஒன்று கண்ணில் பட்டது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை நாள்காட்டி மட்டும் தீர்மானிக்கவில்லை. வந்தவரின் தேவையும் தீர்மானித்தது. அதற்காக வரவை முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருந்தார்கள். மானிய நிலத்தின் விளைச்சல் இல்லாமல் இத்தனையும் நடந்திருக்காது.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லோருக்கும் சோறு இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. பின்னாளில் சத்திர நிதியில் நடந்த மாணவர் விடுதிகளிலும் இந்தப் பேதம் தொடர்ந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோதுதான் ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கு விடுதிக் கதவு திறந்தது. வாசலைத் திறந்த பிறகும் பந்தியில் இடம் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

1860-களில் ரயில் தஞ்சைக்கு வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. மாதக் கணக்கான யாத்திரை நாள் கணக்காகச் சுருங்கியதும் சத்திரத்தின் தேவையும் சுருங்கியது. மிஞ்சியது அந்தக் கேலிப் பேச்சு மட்டுமே.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் வளாகத்து விருந்தினர் அறையை யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் தரக்கூடாது என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. முன்பதிவுச் சண்டைகளைப் பார்த்தவன் என்ற முறையில் விதி வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் தாய் தகப்பனுக்கும், பிரசவத்துக்கு மகளைக் கொண்டுவரும் குடும்பத்துக்கும் ஒரு விலக்கு எழுதிவையுங்கள். பராமரிப்பு நிதியில் அதற்கென்று ஒரு சிறு தொகையும் ஒதுக்குங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி ஆகியோரின் குடும்பத்துக்கும் அந்த விலக்கு பொருந்தட்டும். பந்தி பிரித்த பழைய தவறு நமக்கு வேண்டாம்.

கை தூக்குமுன் அந்த நள்ளிரவு மணியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.